கோடிக்கரைக்கு ஒரு கல்விச் சுற்றுலா

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முன்னோர் மொழி. 'வாழிடம்' என்னும் சொல்லை நாங்கள் ஆறாம் வகுப்பு முதலே அறிவியல் நூலில் படித்து வருகிறோம். 'ஓர் உயிர் உண்டு, உறங்கி, இனம்பெருக்கி வாழும் இடம் வாழிடம் எனப்படும்' என்று எத்தனையோ தேர்வுகளில் எழுதி இரண்டு மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆனால் ஏரி, அலையாத்திக் காடு, உவர்நிலம், புல்வெளி, உலர்காடு, கடற்கரை என்று ஆறு வகை வாழிடங்களை இரண்டே நாட்களில் கண்ணாரக் கண்டபோதுதான் அந்தச் சொல்லின் பொருள் எங்கள் நெஞ்சில் பதிந்தது. அந்த இனிய அனுபவத்தை அன்புத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு மாணவியர் மலைவாசத்தலம் ஒன்றுக்குச் சென்றுவருவது எங்கள் பள்ளி வழக்கம். இவ்வாண்டு எங்கள் அறிவியல் ஆசிரியை, "நம் காவிரி எங்கே போய் முடிகிறது என்று நீங்கள் பார்த்ததுண்டா?" என்று வகுப்பில் கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. அன்றே முடிவாயிற்று எங்கள் பயணம். வடுவூர் ஏரி, முத்துப்பேட்டை, கோடிக்கரை ஆகிய மூன்று இடங்களையும் பார்த்துவருவதென்று திட்டமிட்டோம்.

வீட்டில் அனுமதி பெறுவதுதான் பெரும்பாடாக இருந்தது. "ஊட்டி, கொடைக்கானல்னா சரி. வயசுப் புள்ளைங்களைக் காட்டுக்கும் சேத்துக்குமா கூட்டிட்டுப் போவாங்க?" என்று ஒரு தோழியின் பாட்டி கேட்டாராம். "பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை, இப்போது பறவை பார்க்கப் போகவேண்டுமா?" என்று இன்னொரு தோழியின் தந்தை கேட்டாராம். தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள் பெற்றோரை அழைத்துப் பேசினார். "பிள்ளைகள் இரண்டு நாளில் படிக்கப்போவதை நாங்கள் இரண்டு மாதத்தில் சொல்லித்தர முடியாது" என்று அவர் சொன்னதும் மறுப்பு அடங்கிற்று. நாற்பத்திரண்டு மாணவியர், இரண்டு சிஸ்டர்கள், இரண்டு ஆசிரியைகள் எனப் பொங்கல் விடுமுறைக்கு அடுத்த சனிக்கிழமை அதிகாலையில் ஜெபம் சொல்லிப் புறப்பட்டோம்.

தஞ்சையிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில் இருக்கிறது வடுவூர். இருமருங்கும் சம்பாக் கதிர்கள் முற்றித் தலைசாய்ந்து நின்றன. பேருந்திலிருந்து இறங்கி ஏரிக்கரையில் ஏறியவுடன் பேச்செல்லாம் நின்றுவிட்டது. பனி விலகாத நீர்ப்பரப்பில் நூற்றுக்கணக்கான பறவைகள்! கூழைக்கடாக்கள் தம் பெரிய பை அலகுகளை மார்பில் சாய்த்து நீந்தின. நீர்க்காகங்கள் பட்டுப்போன மரங்களில் அமர்ந்து சிறகை விரித்து வெயில் காய்ந்தன. வால் ஊசிபோல் நீண்ட ஊசிவால் வாத்துகள் கூட்டமாக மிதந்தன. அவை வடநாடுகளிலிருந்து குளிருக்கு அஞ்சி வந்த விருந்தாளிகள்.

எங்களை மிகவும் கவர்ந்தது நத்தைகுத்தி நாரை. அதன் மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளிவிட்டு நிற்கும். நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை எடுக்க அந்த அமைப்பு உதவுகிறது. வயலில் இறங்கி நத்தைகளைத் தின்றுவிடுவதால் அது உழவனுக்கு உற்ற நண்பன். பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது என்றும் ஆசிரியை சொன்னார். மேட்டூர் அணையின் நீர் கால்வாய் வழியாக வந்து நிரப்பும் இந்த ஏரி பாசனத்துக்காக வெட்டப்பட்டது, பறவைகளுக்காக அன்று. மனிதன் தன் தேவைக்குச் செய்த ஏரியில் பறவைகளும் குடியேறின. 1999-இல் அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2022-இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுள் ஒன்றாக ராம்சார் பட்டியலிலும் இது சேர்ந்தது. ராம்சார் என்பது ஈரான் நாட்டு நகரம். ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை 1971-இல் அங்கேதான் உருவாயிற்று.

நண்பகலுக்குள் முத்துப்பேட்டையை அடைந்தோம். வனத்துறையின் அனுமதி பெற்றுப் படகுகளில் ஏறினோம். கோரையாற்றின் வழியே படகு செல்லச் செல்ல, இரு கரையிலும் பசுஞ்சுவர் எழுப்பியதுபோல் அலையாத்தி மரங்கள் நெருங்கி நின்றன. அலையை ஆற்றும் மரம் ஆதலால் அலையாத்தி! இதைவிட அழகாக ஒரு மரத்துக்குப் பெயரிட முடியுமா? கரையோரச் சேற்றில் ஆயிரமாயிரம் பென்சில்களைத் தலைகீழாக நட்டுவைத்தாற்போல் வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. சேற்றுக்குள் காற்று இல்லாததால், இம்மரங்கள் வேரை வெளியே நீட்டி மூச்சுவிடுகின்றன. உறிஞ்சிய உப்பை இலையின் வழியாக வெளியேற்றிவிடுகின்றன. படகோட்டி அண்ணன் ஓர் இலையைத் தடவி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். உப்புக் கரித்தது! நூலில் படித்த பாடத்தை நாவினாலும் படித்தோம்.

ஆற்றைத் தாண்டியதும் கடல்போல் விரிந்த காயல் வந்தது. பார்வைக்குக் கடல், ஆனால் பெரும்பாலான இடங்களில் இடுப்பளவு ஆழமே. மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும் இங்கே வளர்கின்றன. குஞ்சுப் பருவத்தில் மீன்கள் வேர்களுக்கிடையே ஒளிந்து வளர்ந்து, பின்பு கடலுக்குச் செல்லுமாம். "காடு இல்லேன்னா கடல்ல மீன் இல்லம்மா" என்றார் படகோட்டி.

திரும்பும் வழியில் ஓரிடத்தில் மரங்கள் இளமையாகவும் வரிசையாகவும் நின்றன. காரணம் கேட்டோம். ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்காகக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்களாம். மரம் போனதும் மண் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கடல்நீர் தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு மிகுந்தது. அலையாத்தி விதைகூட முளைக்காத கட்டாந்தரையாயிற்று. பல்லாண்டுகளுக்குப் பின் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டினர். நடுவே ஒரு பெரிய கால்வாய், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகச் சிறு கால்வாய்கள். ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும்; வற்றத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறும். கரையில் நட்ட அலையாத்தி மீண்டும் தழைத்தது. மனிதன் கெடுத்ததை மனிதனே சீராக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குக் கிடைத்ததில்லை.

அன்றிரவு வேதாரண்யத்துக்கு அருகே ஒரு கன்னியர் இல்லத்தில் தங்கினோம். சுடச்சுடக் கஞ்சியும் துவையலும் உண்டபின் யாருக்கும் உறக்கம் வரவில்லை. எங்கள் வகுப்பில், விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு தோழி இருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். அந்த ஊர்ப் பக்கம் அவளுக்குச் சொந்த ஊர் என்பதே அன்றுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. அவள் பெற்றோர் உப்பளத் தொழிலாளர்கள். மறுநாள் பார்க்கவிருந்தவற்றைப் பற்றி அவள் பேசத் தொடங்கினாள். எந்தக் காற்றடித்தால் எந்தப் பறவை கரைக்கு வரும், சதுப்பில் எங்கே கால் வைத்தால் முழங்கால் வரை புதையும், நரி எப்போது ஊளையிடும் என்று அவள் சொல்லச் சொல்ல, ஆசிரியையே குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார்!

ஞாயிறு அதிகாலைத் திருப்பலிக்குப் பிறகு கோடிக்கரைக்குப் புறப்பட்டோம். வங்கக்கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை இது. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காடு, பெரிய வேதாரண்யம் சதுப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்ந்த 385 சதுர கிலோமீட்டர் பரப்பு 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் ஏறிய முதல் இடம் இதுவே. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்த தோழியர், "பூங்குழலியின் கோடிக்கரை! வந்தியத்தேவன் சேற்றில் அகப்பட்ட இடம்!" என்று கூவினார்கள். "கூவினால் மான் ஓடிவிடும்" என்று சிஸ்டர் விரலை உதட்டில் வைத்தார். அதன்பின் நாற்பத்திரண்டு பேரும் இரண்டு மணிநேரம் கிசுகிசுப்பாகவே பேசினோம் என்றால் எங்கள் வகுப்பை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள்!

முதலில் கண்டது புல்வெளி. பனித்துளி மின்னும் குட்டைப் புல்லில் வெளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பழந்தமிழர் இரலை என்று அழைத்த மான் இதுதான். பெண்மான்களும் குட்டிகளும் வெளிர்ப் பழுப்பு நிறம். அவற்றுக்குப் பெரும்பாலும் கொம்பில்லை. ஆண்மானோ மேலே கருத்து, வயிறு வெளுத்து, திருகிய நீண்ட கொம்புகளோடு அரசனைப்போல் நின்றது. எங்களைக் கண்டதும் ஒரு மான் துள்ளிற்று. அடுத்தது துள்ளிற்று. பின்பு கூட்டம் முழுவதும் காற்றில் எழும்பி எழும்பி ஓடிற்று. மணிக்கு 80 கி.மீ. வேகம்வரை ஓடவல்லது இந்த மான். அந்த வேகமும் கூரிய பார்வையுமே அதன் காவல். ஒளிந்து பிழைக்கும் விலங்கன்று. வெளியில் நின்று பிழைக்கும் விலங்கு. வெளிமான் என்ற பெயரின் பொருத்தம் அப்போது விளங்கிற்று.

ஆனால் அந்த வெளி குறைந்துகொண்டே வருகிறது என்றார் எங்களுக்கு வழிகாட்டிய வனக் காவலர். புல்வெளியின் ஓரங்களில் சீமைக் கருவேலம் அடர்ந்து கிடந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் அது. அதன் காய் இனிப்பானது. இங்குத் திரியும் மட்டக் குதிரைகள் அதைத் தின்று, போகுமிடமெல்லாம் சாணத்தோடு விதைக்கின்றன. அக்குதிரைகள் எப்போதோ மனிதர் பழக்கிக் கைவிட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள். அவை மானோடு புல்லுக்கும் போட்டியிடுகின்றன. முள் அடர்ந்தால் மானுக்கு ஓட வழியில்லை. ஒளிந்து வரும் பகையும் தெரிவதில்லை. வனத்துறையினர் வெட்டி அகற்றுகிறார்கள். வேரோடு எடுக்காவிட்டால் மீண்டும் துளிர்க்கிறது. "குதிரையை விரட்டிவிடலாமே" என்றாள் ஒருத்தி. "எங்கே விரட்டுவது? அதற்கும் இதுதானே வீடு" என்றாள் மற்றொருத்தி. காவலர் சிரித்துக்கொண்டே, "பெரியவங்களும் இதத்தான் பேசிக்கிட்டிருக்காங்க" என்றார்.

பிறகு அவர் கஜா புயலைப் பற்றிச் சொன்னார். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அப்புயல் கரைகடந்தது. காற்று மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசியது. விடிந்து பார்த்தால் காட்டில் இலை என்பதே இல்லையாம். மரங்கள் வேரோடு சாய்ந்தும் முறிந்தும் கிடந்தன. கடல்நீர் உள்ளே புகுந்து மான்களையும் குதிரைகளையும் அடித்துச் சென்றது; இறந்த மான்கள் தொலைவிலுள்ள கரைகளில்கூட ஒதுங்கின. குடிநீர்க் குட்டைகளெல்லாம் உப்பாயின. "எங்க வீட்டுக் கூரையும் போச்சு. ஆனா காலையில காட்டைப் பார்த்ததும் அதுதான் அழுகை வந்துச்சு" என்றார். நாங்கள் அப்போது சிறு குழந்தைகள். தென்னந்தோப்புகள் விழுந்து கிடந்ததும், பல நாட்கள் மின்சாரம் இல்லாததும் மங்கலாக நினைவிருக்கின்றன. வாயற்ற உயிர்களுக்கு நேர்ந்ததை அன்றுதான் அறிந்தோம். கோடையில் வனத்துறையினர் தொட்டிகளில் நீர் நிரப்புவதையும், குட்டைகளைத் தூர்வாருவதையும் அவர் காட்டியபோது அவை எங்களுக்கு வெறும் சிமெண்டுத் தொட்டிகளாகத் தெரியவில்லை.

அடுத்துக் காட்டுக்குள் நடந்தோம். உயரமான காடன்று, ஆனால் நெருக்கமானது. உலக்கைப் பாலை மரங்களே மிகுதி. நாவலும் களாவும் பல கொடிகளும் பின்னிக் கிடந்தன. மழை சில மாதங்களே பெய்தாலும் ஆண்டு முழுவதும் பசுமை மாறாத அரிய வகைக் காடு இது. புயலில் முறிந்த பாலை மரங்கள் அடியிலிருந்து மீண்டும் தழைத்திருந்ததைக் கண்டு மகிழ்ந்தோம். புள்ளிமான்கள் நிழலில் நின்று எங்களை வியப்போடு நோக்கின. குரங்குகள் எங்கள் தின்பண்டப் பைகளை அதைவிட வியப்போடு நோக்கின! 'எதையும் கொடுக்கக்கூடாது' என்று முன்பே எச்சரித்திருந்ததால் பைகளை இறுகப் பற்றிக்கொண்டோம்.

இராமர் பாதம் என்னும் மணல்மேடுதான் இங்கு மிக உயரமான இடம். உயரம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 4 மீட்டர்தான்! ஆயினும் அதன் மேல் நின்று பார்த்தால் ஒருபுறம் காடும் மறுபுறம் சதுப்பும் அப்பால் கடலும் விரிந்து கிடக்கும் காட்சி மலைவாசத்தலத்துக் காட்சிமுனைகளுக்குச் சற்றும் குறைந்ததன்று. கடற்கரையில், சோழர் காலத்தது என்று சொல்லப்படும் கலங்கரை விளக்கத்தின் சிதைவுகளைக் கண்டோம். நூற்றாண்டுகளாக நின்ற அதை 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வீழ்த்திவிட்டது. அதே மணலில்தான் பங்குனி ஆமைகள் ஆண்டுதோறும் வந்து முட்டையிடுகின்றன. நரியும் நாயும் தோண்டித் தின்றுவிடாமல் வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர்.

கடைசியாகச் சதுப்பு. தோழியரே, அந்தக் காட்சியை எழுத எங்களுக்குச் சொற்கள் போதவில்லை. தொலைவில் நீரின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தால் அந்தக் கோடு முழுவதும் பூநாரைகள்! நெட்டைக் கால்களில் நின்று, கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி அவை இரைதேடிக்கொண்டிருந்தன. நீரை உறிஞ்சி வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசியையும் சிறு உப்புநீர் இறாலையும் உண்கின்றன. அந்த உணவிலுள்ள நிறப்பொருளே சிறகுக்குச் செந்நிறம் தருகிறது. ஓரத்துச் சேற்றில் குருவியளவே உள்ள பறவைகள் எறும்புக்கூட்டம்போல் ஓடி ஓடிக் கொத்தின. அவை கொசு உள்ளான்கள். ஒன்றின் எடை சுமார் 25 கிராம். கோழிமுட்டை ஒன்றின் எடையில் பாதி. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளிகளில் பிறந்து, மலைகளையும் பாலைகளையும் தாண்டி இங்கு வருகின்றன. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாகக் கோடிக்கரையில் இவற்றை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த இலேசான வளையம் அணிவித்துப் பறக்கவிடுகிறார்கள். வேறொரு நாட்டில் அப்பறவை அகப்பட்டால், அது எங்கிருந்து எங்கே போயிற்று என்பதை அந்த எண் சொல்லிவிடும். இமயத்தைக் கடந்து வரும் உயிருக்கு நாம் தரவேண்டியது காலூன்றச் சிறிது சேறும், கலையாத அமைதியும்தான்.

சதுப்பின் விளிம்பில் உப்பளங்கள். மழைக்காலம் முடிந்து பாத்திகளைச் சீர்செய்யும் பருவம் அது. வரப்புக்குச் சேறு அப்புவாரும், பாத்தியின் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவாருமாக ஆணும் பெண்ணும் வேலையில் இருந்தனர். அவர்களிலிருந்து ஒரு பெண்மணி தலையில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தார். எங்கள் தோழியின் தாய்! கையில் ஒரு கூடை நிறைய அவித்த பனங்கிழங்கு. "புள்ளைங்களா, வெயில்ல நிக்காதீங்க, இந்தா சாப்புடுங்க" என்று எல்லோருக்கும் பகிர்ந்தார். நாங்கள் அவர் பாதங்களைப் பார்த்தோம். வெடித்து வெடித்து உப்பு ஏறியிருந்தன. வெயில் ஏறுமுன் உப்பு வாரவேண்டும் என்பதால் பருவத்தில் இருட்டிலேயே வேலை தொடங்கிவிடுமாம். மழை மாதங்களில் வேலையே இராதாம்.

சிஸ்டர் அவரைத் தனியே அழைத்துப் பேசவில்லை, எங்கள் முன்னிலையிலேயே, "பிள்ளை நன்றாகப் படிக்கிறாள். பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்க்க வேண்டும்" என்றார். தாய் மகளைப் பார்த்தார். "எனக்கும் ஆசைதான் சிஸ்டர். பத்தாவதோட போதும்னு அவங்க அப்பா சொல்லுறாங்க. தங்கச்சி ரெண்டு பேரு இருக்காளுங்க. பாப்போம்" என்றார். தோழி ஒன்றும் பேசாமல் பனங்கிழங்கின் நாரை உரித்துக்கொண்டிருந்தாள். முந்தின இரவு எங்கள் ஆசிரியைக்கே பாடம் சொன்னவள் அவள்.

திரும்பும் பேருந்தில் பாட்டு இல்லை, விவாதம் நடந்தது. உப்பளங்கள் பெருகினால் சதுப்பு சுருங்குகிறது, நீரின் உப்பு மிகுந்து பறவைக்கு உணவு குறைகிறது, எனவே உப்பளம் கூடாது என்றனர் சிலர். அப்போதுதான் தோழி வாய்திறந்தாள். "உப்புத் தண்ணீர் தேக்கிய பாத்தியிலும் பூநாரை வந்து மேயும். நான் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். உப்பளமே வேண்டாம் என்றால் எங்க அம்மா எங்கே போவாங்க? எவ்வளவு இடத்தில் உப்பு, எவ்வளவு இடத்தில் சதுப்பு என்று கணக்குப் போடவேண்டும். அந்தக் கணக்கை யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும்" என்றாள். ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்நிலப்பரப்பில் மனிதன் அமைத்த உப்பளங்களும் அடங்கும் என்று ஆசிரியை சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததைக் கண்டோம்.

வழியில் அகத்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணைப் பார்த்தோம். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் நடந்தே வந்து, இந்த மண்ணின் உப்பை அள்ளி ஏப்ரல் 30-இல் சிறை சென்றனர். ஏழையின் கஞ்சிக்கு உப்பு வேண்டும் என்பதற்காக நடந்த போர் அது. அந்த உப்பை இன்றும் விளைவிப்பவர்களின் பிள்ளைக்குப் படிப்பு வேண்டும் என்பது அதைவிடச் சிறிய காரியமா என்ன?

அன்புப் பெற்றோரே, இரண்டு வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறோம். நம் பகுதியில் மழை முடிந்ததும் மடையானையும் கொக்கையும் காட்டு வாத்தையும் பிடித்துச் சாலையோரத்தில் மறைவாக விற்கிறார்கள். வாங்குவோர் இருப்பதால்தான் விற்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். சட்டத்துக்கு அஞ்சி மட்டுமல்ல, அத்தனை தொலைவு பறந்து நம்மை நம்பி வந்த விருந்தாளி என்று எண்ணியும் அதை வாங்காதிருங்கள். நாற்பத்திரண்டு வீடுகளிலும் நாங்கள் இதைச் சொல்லிவிட்டோம். 'சரி' என்று சொன்ன வீடுகள் முப்பத்தெட்டு. மற்ற நான்கு வீடுகளிலும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது!

இரண்டாவது, பெண் பிள்ளைகளின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடாதீர்கள். இதை எழுதலாமா என்று தோழியிடம் கேட்டோம். "எழுதுங்கள், அப்பாவும் படிக்கட்டும்" என்றாள். ஐயா, இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது தேர்வு முடிவுக்காக அவள் காத்திருப்பாள். சதுப்பின் கணக்கைப் படிக்க அவளைவிடத் தகுதியானவர் எங்கள் வகுப்பில் இல்லை என்பதை நாங்கள் நாற்பத்தொரு பேரும் உங்களுக்குப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கைகளே, உங்களிடம் எங்கே போகலாம் என்று கேட்டால் காவிரி கடலைச் சேரும் திசையைக் காட்டுங்கள். போகும்போது வண்ண உடைகளை வீட்டில் வைத்துவிட்டு மண்ணின் நிறத்தில் உடுத்துங்கள். தண்ணீர்ப் புட்டிகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். முக்கியமாக, வாயைப் பூட்டி வையுங்கள். அப்போதுதான் வெளிமான் உங்களுக்காகத் துள்ளும்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர் சார்பாக, ஒரு மாணவி